அதுகளுக்காகப் போட்ட வேட்டு

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துவிட வேண்டாம். உயிரோடு இருந்த காலத்தில் தன் பெயரை எழுதிவைக்காத இடம் என்று ஒன்றை அவர் விட்டுவைக்கவில்லை. ஊருணிப் படிக்கட்டில், சாவடிச் சுவரில், புளியமரத்தில் அடித்த தகரத்தில், கோயில் குத்துவிளக்கின் அடிப்பாகத்தில், எங்கே திரும்பினாலும் அவர்தான். இந்தக் காகிதமாவது தப்பிக்கட்டும்.

என் வீட்டுக்காரருக்கு அவர் பெரியப்பா. எனக்குப் பெரிய மாமா. சமயநல்லூரில் ரயிலை விட்டு இறங்கி வரப்பு வழியாக நடந்தால் எங்கள் ஊர் வந்துவிடும். நான் பிறந்தது பழங்காநத்தத்தில். ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த மருமகள் அந்தக் குடும்பத்தில் நான் ஒருத்திதான் என்பதால், பெரிய மாமா எழுதிவைத்ததை எல்லாம் மற்றப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. வாசித்து வாசித்தே எனக்கு அவர்மேல் ஆத்திரம் வளர்ந்தது என்றுகூடச் சொல்லலாம்.

போட்டோப் பிடிக்க யாரோ எதிரே வந்து நிற்கிற மாதிரியே எப்போதும் நிற்பார். இடது கை இடுப்பில். சித்திரை வெயிலிலும் தோளில் ஜரிகைச் சால்வை. காதில் சிவப்புக் கடுக்கன். பேசுவதற்கு முன்னால் கனைப்பார். அந்தக் கனைப்பைக் கேட்டால் மாட்டுக்கொட்டிலில் கட்டுத்தறி மாடுகூடத் தலையைத் திருப்பிக்கொள்ளும். கனைத்து முடித்ததும் வருகிற வார்த்தை ஒன்றுதான். "நான் இருக்கேன்ல!"

அதைக் கேட்டால் நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வோம். இன்னும் ஏதோ ஒன்று காப்பாற்றப்படப் போகிறது என்று அர்த்தம்.

ஆமாம், அதுதான் அவருடைய வியாதி. சிலருக்குக் கள், சிலருக்குச் சீட்டாட்டம். இவருக்குக் காப்பாற்றுவது. தன்பாட்டுக்கு நன்றாக இருக்கிற எதுவும் அவர் கண்ணில் படக் கூடாது. பட்டால் போச்சு. தாலுகா போர்டு எலெக்‌ஷனில் தோற்ற பிறகு இது முற்றிவிட்டது. எதற்காவது தலைவராக இல்லாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "மனுசங்கெ ஓட்டுப் போடல. பறவைக்கு ஓட்டுக் கெடையாது. அதேன் பெரியப்பா அதுக பக்கம் போயிட்டாரு" என்பார் என் வீட்டுக்காரர், பெரியப்பா காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு.

முதலில் அந்தக் கூகை. நெல் போட்டு வைத்திருந்த அறையின் உத்திரத்தில் அந்த ஆந்தை குடியிருந்தது. கூகை வீட்டுக்கு ஆகாது என்று ஊரெல்லாம் பேசினாலும் என் மாமியார் அதை விரட்டவில்லை. எலிக்கு அதைவிட வேறு மருந்து இல்லை என்று அவருக்குத் தெரியும். ஒருநாள் விடியலில் அது வெளியே உட்கார்ந்திருந்தபோது காக்கைகள் சூழ்ந்துகொண்டு கொத்தின. அது எப்போதும் நடக்கிற கூத்துதான். கொஞ்ச நேரத்தில் அதுவே உள்ளே வந்துவிடும். ஆனால் பெரிய மாமா பார்த்துவிட்டார். ஆளை ஏற்றி அதைப் பிடிக்கச் சொல்லி, கோழி மூடுகிற பஞ்சாரத்துக்குள் வைத்து, பால்சோறு பிசைந்து ஊட்டினார். கூகைக்குப் பால்சோறு! அது தின்னாமல் கிடந்து செத்தது.

அவர் அழுதார். உண்மையாகவே அழுதார், சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அதுதான் எனக்கு எரிச்சலிலும் எரிச்சல். வேஷக்காரராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். மனுஷர் மனதார நேசித்துத்தான் அதைக் கொன்றார். கொல்லையில் குழி தோண்டி, மாலை போட்டு, நாலு பேரைக் கூட்டிவைத்து ஜீவகாருண்யத்தைப் பற்றிப் பேசவும் பேசினார். அந்த வருஷம் எங்கள் விதைநெல்லை எலி தின்றது.

அடுத்தது ஊருணி. நாங்கள் குடிக்கிற தண்ணீர். அதைச் சுத்தமாக வைக்கிறேன் என்று சுற்றிலும் முள்வேலி போட்டு, ஒரு காவல்காரனையும் வைத்தார். பெண்கள் குடத்தோடு வேலியைச் சுற்றி வழி தேடிக்கொண்டிருந்த நேரத்தில் காவல்காரன் உள்ளே தன் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, "பெரியவருதேன் யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு சொன்னாரு. மாட்டப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றான். அவனும் அவருக்கேற்ற ஆள்தான்.

இதெல்லாம் போகட்டும். கண்மாய்க்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் கல்யாணம் தை மாசம். பழங்காநத்தத்தில் தாலி கட்டி முடித்து, மேளமும் நாயனமும் என் அண்ணன்மார் வாங்கி வைத்திருந்த வேட்டுமாக, ஆர்ப்பாட்டமாகத்தான் வண்டி கட்டிப் புறப்பட்டோம். ஊர் எல்லையில், கண்மாய்க் கரை தொடங்குகிற இடத்தில் வண்டிகள் நின்றன. நாயனக்காரர் நாயனத்தைத் துணியில் சுற்றினார். தவில்காரர் தவிலை வண்டிக்குள் வைத்தார். மாட்டின் கழுத்து மணியைக்கூட அவிழ்த்துவிட்டார்கள். புதுப்பெண் நான், சாவு நடந்த துஷ்டி வீட்டுக்குப் போகிறவளைப் போலச் சத்தமில்லாமல் ஊருக்குள் போனேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமியார் வண்டிக்குள் தலையை நீட்டி என் முகவாயைப் பிடித்தார்.

"ஏத்தா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாத. மரத்துல குஞ்சு இருக்கு. சத்தங் கேட்டுச்சுன்னா தாயிக எந்திரிச்சுப் போயிரும். அம்புட்டுத்தேன்."

அப்போதுதான் வெளியே பார்த்தேன். கண்மாய்த் தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்கள் முழுக்க, சலவைத் துணி காயப்போட்ட மாதிரி, நாரையும் கொக்கும் அரிவாள் மூக்கனும். கூட்டுக்குக் கூடு குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன. அவை போட்ட இரைச்சலைக் கேட்ட பிறகு என் கல்யாணத்துக்கு மேளம் இல்லை என்ற குறை பாதி போய்விட்டது.

அந்த ஊரில் தீபாவளிக்கு வேட்டு இல்லை. பிள்ளைகள் பக்கத்து ஊருக்குப் போய்க் கொளுத்திவிட்டு வருவார்கள். மழை பெய்து கண்மாய் நிறைந்து பறவை வந்ததிலிருந்து குஞ்சு பறக்கிறவரைக்கும் கல்யாணமானாலும் சாவானாலும் கரையில் சத்தம் கூடாது. யார் வைத்த சட்டம் என்று யாருக்கும் தெரியாது. சபை இல்லை, தலைவர் இல்லை, போர்டும் இல்லை. பறவைகள் வந்தன, போயின, மறுபடி வந்தன.

எனக்கு அதில் சொந்தக் காரியம் ஒன்றும் இருந்தது. குடும்பச் சொத்து அத்தனையும் பெரிய மாமா கைக்குள். எங்களுக்கென்று ஒரு பிடி நிலமாவது வேண்டும் என்று என் கழுத்துச் சங்கிலியை விற்று, கண்மாய் மடைக்கு நேர் கீழே ஒரு துண்டு வயல் வாங்கினோம். எங்களிடம் மாடு கிடையாது, எருவும் கிடையாது. ஆனால் பறவை எச்சம் கரைந்து மடை வழியாக வருகிற தண்ணீர் இருக்கிறதே, அது பாய்ந்தால் வயலுக்கு வேறு எருவே வேண்டாம். பயிர் கருகருவென்று நிற்கும். பெரிய மாமா தயவு இல்லாமல் நாங்கள் சாப்பிட்ட சோறு அந்த வயல் சோறுதான். பறவை போனால் என் சோறும் போகும், அவ்வளவுதான் கணக்கு.

ஒருநாள் கனைப்புச் சத்தம் கேட்டது. பறவைகளைக் காப்பாற்றப் பட்சி சம்ரட்சண சபை என்று ஒன்று ஆரம்பித்திருப்பதாகவும் அதற்குத் தாமே தலைவர் என்றும் சொன்னார். வாரம் முடிவதற்குள் கண்மாய்க் கரையில் பெரிய பலகை ஒன்று முளைத்தது. பெண்கள் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். வாசித்தேன். "இக்கண்மாயில் வசிக்கும் பட்சிகளைச் சத்தமிட்டோ கல்லெறிந்தோ இம்சிப்போர் தண்டிக்கப்படுவர்." அதற்குக் கீழே அவர் பெயர், பட்டம், பதவி, தகப்பனார் பெயர். பறவைக்கு ஒரு வரி, அவருக்கு நாலு வரி.

"இதத்தேன் நம்ம காலங்காலமா செய்றோமே, யாருக்குத்தா எழுதி வச்சிருக்காரு?" என்றாள் ஒருத்தி.

"நாரைக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. அன்றைக்கே அந்தப் பலகையைப் பிடுங்கி அடுப்பில் வைத்திருக்க வேண்டும்.

பலகை வைத்தால் போதுமா? திறந்துவைக்கப் பெரிய மனுஷன் வேண்டாமா? மதுரைக்கு நடையாய் நடந்து, மாலையும் பழமுமாய்க் கொடுத்து, ஒரு வெள்ளைக்காரத் துரையைச் சம்மதிக்க வைத்துவிட்டார். தை மாசத்தில் ஒரு நாள். தை மாசம் என்றால் மரம் முழுக்கக் குஞ்சு. பாதி இறகு முளைத்தும் முளைக்காமலும் இருக்கும். பறக்கத் தெரியாது. கரைமேல் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, நாற்காலி வரவழைத்தார்கள். அன்றைக்குக் காலையில் மதுரையிலிருந்து இரண்டு ஆட்கள் இரும்புக் குழாயோடு வந்து இறங்கினார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அதிர்வேட்டுப் போடுகிற ஆட்கள்.

"போய்ச் சொல்லுங்க, போய்ச் சொல்லுங்க" என்று என் வீட்டுக்காரரை நெட்டித் தள்ளினேன். அவர் பெரியப்பாவுக்கு எதிரே நின்று பேசிய ஆள் இல்லை. ஆனாலும் போனார். பந்தல் துணிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பெரியப்பா, வேட்டு வேணாம். குஞ்சு இருக்கு."

"துரை வாராருடா. வேட்டில்லாம வரவேத்தா அவருக்கு என்ன மருவாதை?"

"நம்மூர்ல காலங்காலமாப் போட்டதில்லையே பெரியப்பா."

கனைத்தார். சால்வையைச் சரி செய்தார். "மத்தவங்கெ போடுறது வேற. இது அதுகளுக்காகப் போடுற வேட்டு. அதுகளுக்குத் தெரியாதா? நீ போ. நான் இருக்கேன்ல!"

அதுகளுக்குத் தெரியாதா என்று கேட்டார்! நாரைகளுக்கெல்லாம் அழைப்பிதழ் அனுப்பியிருந்தாரோ என்னவோ.

துரையின் கார் கரைமேல் ஏறியது. முதல் வேட்டு வெடித்தது. கண்மாய் அதிர்ந்தது. மரத்தில் இருந்த அத்தனை பறவையும் ஒரே மூச்சில் எழுந்தன. வானமே வெள்ளையாகிவிட்டது. இரண்டாவது வேட்டு, மூன்றாவது வேட்டு. துரை காரை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்து, தொப்பியைக் கழற்றி, "பியூட்டிஃபுல்! பியூட்டிஃபுல்!" என்றார். பெரிய மாமாவுக்கு முகமெல்லாம் பல். "துரைக்கு மருவாத செய்யுதுக" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள். அவர்களையும் நான் சும்மா விடமாட்டேன். துரை கை தட்டினால் தாங்களும் தட்ட வேண்டும் என்று நினைத்த கூட்டம் அது.

பெரிய மாமா பேசத் தொடங்கினார். பட்சிகளின் மேன்மையைப் பற்றி. அவர் முதுகுக்குப் பின்னால் கண்மாயில் என்ன நடந்தது என்று பெண்கள் பக்கத்திலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பதறி எழுந்த தாய்ப் பறவைகளின் காலில் சிக்கி விழுந்த குஞ்சுகள் தண்ணீரில் துடித்தன. தாயில்லாத கூடுகளில் காக்கையும் பருந்தும் வந்து உட்கார்ந்தன. குஞ்சுகளைக் கொத்தி இழுத்தன. தாய்ப் பறவைகள் மேலே சுற்றிச் சுற்றி வந்தன. இறங்கப் பயம். நேரம் போகப் போக ஒன்றிரண்டு இறங்கத் தொடங்கின. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். பேச்சு நீளட்டும், இன்னும் நீளட்டும் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவருக்காக வேண்டிக்கொண்டேன்.

பேச்சு முடிந்தது. துரை கிளம்பினார். வழியனுப்ப வேண்டாமா? மறுபடியும் மூன்று வேட்டு.

அதற்குப் பிறகு அவை இறங்கவில்லை. பொழுது சாயச் சாயக் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே, வண்டியூர்ப் பக்கமாகப் போய்விட்டன.

என் மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, உயிர் இருந்த குஞ்சுகளை மடியில் அள்ளிக்கொண்டு கரையேறினார். பெரிய மாமா பார்த்துவிட்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கையை நீட்டினார்.

"குடு தாயி. நான் இருக்கேன்ல!"

வாழ்நாளில் கொழுந்தனாரோ மூத்தவரோ யாருக்கும் எதிரே நிமிர்ந்து நின்றிராத என் மாமியார், மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார். குஞ்சுகள் ஒன்றும் பிழைக்கவில்லை.

மறு வருஷம் மழை நன்றாகப் பெய்தது. கண்மாய் நிறைந்தது. பறவை வரவில்லை. மடை திறந்தபோது வந்தது வெறும் தண்ணீர். என் வயலில் பயிர் சோகை பிடித்தவன் மாதிரி வெளிறிப்போய் நின்றது. எருவுக்கு வேறு போக்கில்லாமல், யார் தயவு வேண்டாம் என்று கழுத்துச் சங்கிலியை விற்றேனோ, அவர் வீட்டு எருக்குழிக்கே கூடையோடு போய் நின்றேன். அவர் தாராளமாகத்தான் அள்ளிக்கொள்ளச் சொன்னார். "எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்க தாயி. நான் இருக்கேன்ல!" அந்த எருவைச் சுமந்துகொண்டு வந்த வழியெல்லாம் சங்கிலி இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே நடந்தேன்.

பறவை வராததற்கு அவரிடம் காரணம் இல்லாமலா? வேறு ஊர்க்காரர்கள் வேட்டையாடுகிறார்களாம். அதற்காக இன்னொரு பலகை வைத்தார். துரை கொடுத்த நற்சாட்சிப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். பறவையே இல்லாத ஊரில் யாருக்காகச் சத்தம் போடாமல் இருப்பது? தீபாவளிக்கு வேட்டு வந்தது. கல்யாண மேளம் கரையேறி வந்தது. எங்களுக்குப் பிறகு வாழ வந்த பெண்கள் எல்லோரும் வேட்டுச் சத்தத்தோடுதான் வந்தார்கள். எனக்கு அதில் பொறாமை வரவில்லை.

பிற்பாடு, இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் பெரிய மாமாவுக்குப் பாரிசவாயு வந்தது. ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. வாயும் குழறிப்போயிற்று. அவர் படுக்கையில் விழுந்த அந்த வருஷம் ஐப்பசியில் சில நாரைகள் வந்து கருவேல மரத்தில் இறங்கின. அதுவும் இதுவும் சேர்ந்து நடந்தது தற்செயல்தான் என்று நான் சொல்வேன். ஊரில் அப்படிச் சொன்னவர்கள் யாரும் இல்லை. அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் வந்தன. நீர்க்காகம் ஒன்று அவர் வைத்த பலகைமேல் சிறகை விரித்து உட்கார்ந்து காய்ந்துகொண்டிருக்கும். அவருடைய நாலு வரியும் எச்சத்தில் மறைந்து, மேலே இருந்த பறவை வரி மட்டும் தெரிந்தது. பறவைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமோ என்று எனக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது.

மாசி பிறந்த மறுநாள் அவர் செத்தார். மரத்தில் குஞ்சு இருந்தது.

அவர் பிள்ளைகள் இருவரும் மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். வெடிமருந்து கிடைக்காத சண்டைக் காலத்திலும் எங்கேயோ பிடித்து, யாரையோ கெஞ்சி, வேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பறை அடிக்க ஆள், சங்கு ஊத ஆள் எல்லாம் வந்தாயிற்று. சுடுகாட்டுக்கு வழி கண்மாய்க் கரைதான். வேட்டுக் குழாயை வாசலில் சார்த்தி வைத்திருந்ததைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து ஆண்கள் பக்கம் போனேன். அப்படிப் போகக் கூடாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

"தம்பி, வேட்டு வேணாம்ய்யா. பறையும் வேணாம். குஞ்சு இருக்கு."

மூத்த மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கப்பாவ அநாதப் பொணமாட்டம் தூக்கிட்டுப் போகச் சொல்றியா மதினி? எப்பேர்ப்பட்ட மனுசன்!"

"எப்பேர்ப்பட்ட மனுசன்னுதேன் நானும் சொல்றேன். சபைத் தலைவருல்ல? அவரு வச்ச போர்டு அந்தா நிக்குது. வா, வாசிச்சுக் காட்டுறேன். சத்தமிட்டு இம்சிக்கிறவங்களுக்குத் தண்டனைன்னு எழுதியிருக்கு. அவரையே தண்டிக்கச் சொல்றியா?"

அவன் கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். இளையவன், "ஊர் என்ன சொல்லும் மதினி?" என்று முனகினான்.

எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "ஊரா? இந்தா, இங்க உக்காந்திருக்குற பொம்பளைகளக் கேளு. உங்கம்மா, எங்கத்தை, நானு, அம்புட்டுப் பேரும் இந்த ஊருக்குள்ள சத்தமில்லாமத்தேன் வாழ வந்தோம். கல்யாண மேளத்தக் கரையிலயே நிப்பாட்டிட்டு வந்தோம். ஒரு ஆம்பளை சத்தமில்லாம வெளிய போனா என்ன கொறஞ்சு போயிரும்?"

உள்ளேயிருந்து பெரிய மாமாவின் சம்சாரம், முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "அவ சொல்றது சரிதேன். தூக்குங்கப்பா" என்றார்.

பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். அங்கிருந்து பார்த்தால் கரை தெரியும். பாடை கரைமேல் ஏறிப் போயிற்று. சங்கு இல்லை, பறை இல்லை, வேட்டு இல்லை. தூக்கிக்கொண்டு போகிறவர்கள்கூடக் குனிந்த தலை நிமிராமல் மெல்ல நடந்தார்கள். கரையோரக் கருவேலத்தில் இருந்த நாரை ஒன்று கழுத்தை நீட்டி அவரைப் பார்த்தது. மாமியார் என் கையைப் பிடித்திருந்தார். நாரை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கழுத்தை மடக்கிக்கொண்டு கூட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. ஒரு பறவைகூட எழவில்லை.

சபை வைத்து, பலகை வைத்து, துரையைக் கூப்பிட்டு அவரால் செய்ய முடியாத காரியத்தைப் பெரிய மாமா அன்றைக்குச் செய்துவிட்டார். சும்மா கிடந்தார்.